அ. ஹிட்லருக்கு ஓர் அழைப்புக் கடிதம்

1

நவம்பர் ஒன்பதாம் தேதி வந்தால் எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் மனசாட்சி வந்துவிடும். ஒரு வாளி தண்ணீர், பித்தளை பாலிஷ், பழைய துணி, நான்கு மெழுகுவத்தி எல்லாம் வாசலுக்கு இறங்கும். ஹாம்பர்க் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்தக் கட்டிடத்தின் முன்னால், நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் நான்கு பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். நாஜி ஆட்சியில் இங்கிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்ட ஒரு யூதக் குடும்பத்துக்கான அடையாளம் அது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். பெயர், பிறந்த வருடம், கொண்டுபோன வருடம், கொன்ற ஊர். சின்னவளுக்கு ஒன்பது வயது. அவர்கள் இருந்தது இரண்டாம் மாடி. நாங்கள் இருப்பதும் இரண்டாம் மாடி.

யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் நாஜிகள் நாடெங்கும் கொளுத்திய இரவு நவம்பர் ஒன்பது, அதனால் அன்றைக்குத் துடைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்தத் தகடுகள் மேல்தான் சைக்கிளை நிறுத்துவார்கள். குப்பை வண்டி வரும் கிழமையில் தொட்டிகளும் அங்கேதான் நிற்கும். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வருடா வருடம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "நாம் மறக்கமாட்டோம்" என்று கரகரத்த குரலில் பேசுவது அவர்தான். நான் வஞ்சிரம் வறுத்த வாசனை எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தது என்று பட்டியல் போட்டு, வீட்டு நிர்வாகத்துக்கு எழுத்துமூலமாகப் புகார் கொடுத்ததும் அவரேதான். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. மறதி என்பது அவருக்குக் கிடையவே கிடையாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் மகள் மெர்லினுக்குப் பதினாறு வயது. ஐந்து வருடமாக அவள்தான் முட்டி போட்டு உட்கார்ந்து தகடுகளைத் துடைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பழக்கம், அவளுக்கு அது விளையாட்டில்லை. இந்த வருடம் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் துடைக்க உட்கார்ந்தான். ராயபுரத்திலிருந்து வந்த என் தம்பி. பாஸ்போர்ட்டில் அவன் பெயர் ஹிட்லர்.

2

வட சென்னைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எங்கள் தெருவில் லெனின் தையல் கடை வைத்திருந்தார். கென்னடி காசிமேட்டில் மீன் ஏலம் விட்டார். நெப்போலியன் ஆறாம் வகுப்பில் மூன்று வருடம் இருந்தான். யார், எவர், என்ன செய்தார் என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. பெயர் கேட்க எடுப்பாக இருக்கிறதா, வெள்ளைக்காரன் பயந்தானா, அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் அப்பா அந்தோணிசாமி துறைமுகத்தில் சுமை தூக்கியவர். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஜெர்மனியைப் பற்றி நைனாவுக்கு இரண்டே விஷயம் தெரியும். எம்டன் என்ற கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது ஒன்று. இங்கிலீஷ்காரனைக் கதிகலங்க வைத்தவன் ஹிட்லர் என்பது இன்னொன்று. எம்டனை அனுப்பியதும் ஹிட்லர்தான் என்பது அவருடைய சொந்தச் சரித்திரம். கப்பல் வந்த காலத்தில் ஹிட்லர் யாரென்று ஜெர்மனிக்கே தெரியாது. அதை நான் நைனாவிடம் சொல்லும் வயது வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பங்குச்சாமியார் அந்தப் பெயருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பிரான்சிஸ் என்று பதிவேட்டில் எழுதினார். இந்தக் கதையில் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். நைனா விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹிட்லர் என்றே கொடுத்தார். தலைமையாசிரியர் எழுந்து நின்று கைகொடுத்தாராம், கட்டுப்பாடு என்றால் அந்த மனிதன்தான் என்று பாராட்டினாராம். நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் சேர்ந்தது. அந்தோணிசாமி மகன் அ. ஹிட்லர். இங்கிலீஷில் ஏ. ஹிட்லர் என்று எழுதினால் அப்படியே அடால்ஃப். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இத்தனை கச்சிதமாக இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

வீட்டில் அவன் ராஜா. பேட்டையில் இட்லரு. ரேஷன் கடை வரிசையில் சண்டை வந்தால் பையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான். அவன் அடித்து நான் பார்த்தது கொசுவை மட்டும்தான். இப்போது எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் லோடு வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பித்தளைக் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பது அவன் பொறுப்பு.

ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல் தருவது தம்பியின் பெயரைவிட மற்றவர்களின் பேச்சுதான். டோல்கேட் டீக்கடையில் லாரி நெரிசலைப் பார்த்துக்கொண்டே ஒருவர் சொல்வார், இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தால்தான் சரிப்படும் என்று. கல்லூரியில் பாடம் எடுக்கும் உறவினர் ஒருவர், அந்த ஆட்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது, ரோடு பளபளத்தது, லஞ்சம் கிடையாது என்று வாட்ஸப்பில் அனுப்புவார். ஐயா, அந்த ஆட்சியில் உங்களை என்ன செய்திருப்பார்கள் தெரியுமா? மூக்கை அளக்கக் கருவி வைத்திருந்தார்கள், மண்டையை அளக்கக் கருவி வைத்திருந்தார்கள். ராயபுரத்து மூக்குக்கும் நிறத்துக்கும் அந்த அளவுகோலில் இடமே கிடையாது. லஞ்சம் இல்லையாம். யூதர் வீட்டு நாற்காலி, கடிகாரம், பியானோ வரைக்கும் சட்டப்படி ரசீது போட்டு எடுத்துக்கொண்டவர்களுக்கு லஞ்சம் எதற்கு? ஒவ்வொரு தெருவுக்கும் கட்சிக்காரன் ஒருவன் இருந்தான். யார் வீட்டில் கொடி ஏற்றவில்லை, யார் வசூலுக்கு உண்டியலில் போடவில்லை, யார் ரகசியமாக வெளிநாட்டு ரேடியோ கேட்கிறார்கள் என்று பார்ப்பதே அவன் வேலை. பக்கத்து வீட்டைப் பற்றி ஜனங்களே வலிய வந்து எழுதிப்போட்ட மொட்டைக் கடிதங்களைப் படித்துப் படித்துப் போலீசுக்கே அலுத்துப்போனது. டீக்கடையில் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரியவர்தான் முதல் வாரமே காணாமல் போயிருப்பார்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை வரும்.

3

ஆயர் எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதல் மெர்லினுக்கு நவம்பரில் என்று முடிவானது. ஞானத்தந்தையாக யாரைக் கூப்பிடுகிறாய் என்று கோயிலில் கேட்டார்கள். ராஜா மாமா என்று யோசிக்காமல் சொன்னாள். என் கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில்தான். வாரம் தவறாமல் அவளோடு போனில் பேசி வளர்த்தது என் தம்பிதான். அவளுடைய தமிழ் முழுக்க அவனிடமிருந்து வந்தது. இங்கே சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில், ஈழத்து ஆசிரியை ஒருவர் "எப்படிச் சுகம்?" என்று கேட்டதற்கு, "சோக்கா கீறேன் டீச்சர்" என்று பதில் சொன்னவள் அவள். எனக்குத் தலைகுனிவாக இருந்தது என்று நினைக்கிறீர்களா? பெருமையாக இருந்தது.

விசாவுக்கு நான் அழைப்புக் கடிதம் எழுதி, அவன் செலவுக்கெல்லாம் நானே பொறுப்பு என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில், மேசையில் கள்ளிச்செடி வளர்க்கும் ஒரு பெண் என் மனுவைப் படித்தாள். மறுபடி படித்தாள். இது பெயரா என்று கேட்டாள். பெயர்தான் என்றேன். உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர் காபிக் கோப்பையோடு வந்து நின்று படித்தார். உங்கள் தம்பிக்கு ஏதாவது அரசியல் இயக்கத்தோடு தொடர்பு உண்டா என்றார். கோயில் திருவிழாவுக்குக் கொடிமரம் சுமப்பதோடு சரி என்றேன். நம் முதலெழுத்து வழக்கத்தை வரைபடம் போட்டு விளக்கினேன். பள்ளிச் சான்றிதழ், நைனாவின் இறப்புச் சான்றிதழ் இரண்டையும் மொழிபெயர்த்து முத்திரையோடு கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டினாள்.

கோயில் அலுவலகத்தில் வேறு கூத்து. ஞானத்தந்தை கத்தோலிக்கர்தான் என்று காட்ட ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். ராயபுரத்திலிருந்து வந்ததில் பிரான்சிஸ். பாஸ்போர்ட்டில் ஹிட்லர். இரண்டும் ஒரே ஆள் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. அங்கே வேலை பார்க்கும் அம்மாள் பழைய இரும்பு பீரோ ஒன்றைக் காட்டினாள். அந்தக் காலத்தில் ஜனங்கள் தங்கள் பாட்டன் பூட்டனின் ஞானஸ்நான நகல் கேட்டு இங்கே வரிசையில் நிற்பார்களாம். குடும்பத்தில் யூதர் யாரும் இல்லை என்று நிரூபித்தால்தான் அரசாங்க வேலை, கல்யாணம், எல்லாமே. குருமார்களும் குமாஸ்தாக்களும் பகலெல்லாம் உட்கார்ந்து நகல் எழுதினார்களாம். பாவம், கை வலித்திருக்கும் என்றாள். யாருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லையோ, அவர்களுக்கு வலித்ததைப் பற்றி அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஞானத்தந்தை பெயர் என்ற இடத்தில் நான் பிரான்சிஸ் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பாஸ்போர்ட் நகலைச் சமையலறை மேசையில் வைத்தது என் முட்டாள்தனம். மெர்லின் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா பேரு இதாம்மா?"

ஆமாம் என்றேன். தாத்தா தெரியாமல் வைத்தது, மாமா ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன் என்றெல்லாம் சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"இத்தினி வருஷமா நான் கீய அந்தக் கல்ல தொடச்சிகினு கீறேன். நீ மேல நின்னு பாத்துகினு இருந்த. ஒன்னியும் சொல்லல. எனக்கு அவரு வேணாம்."

இதற்குள் விசா வந்துவிட்டது. தம்பியிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவன் மருமகளின் விழாவுக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தான்.

4

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். தினமும் காலையில் நான் குளிப்பாட்டும் திருமதி கே.க்கு வயது தொண்ணூற்றைந்து. அந்த ஆட்சியில் சிறுமியர் அணியில் இருந்தவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துத் துணி, காட்டில் கூடாரம், நெருப்பைச் சுற்றிப் பாட்டு, எத்தனை சந்தோஷமான காலம் தெரியுமா என்பார். யூதர்களைப் பற்றிக் கேட்டால் உடனே குரல் மெலிந்துவிடும். எனக்கெப்படித் தெரியும், நான் சின்னப் பெண். தினமும் ஒரே வாக்கியம், ஒரு சொல் மாறாது.

அவர் அறையில் வால்நட் மரத்தில் செய்த அலமாரி ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கதவும் பித்தளைக் கைப்பிடியும் போட்டது. இல்லத்தில் சேரும்போது அது இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கொண்டுவந்தாராம். எங்கே வாங்கியது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். துறைமுகத்தில் ஏலம் போட்டார்கள், அம்மா கூட்டிக்கொண்டு போனாள், கப்பல் கப்பலாகச் சாமான் வந்து குவிந்திருந்தது, நல்ல கூட்டம் என்றார். யாருடைய சாமான்? அது எனக்கெப்படித் தெரியும், நான் சின்னப் பெண்.

உள் இழுப்பறையின் அடியில் பென்சிலால் இரண்டு எழுத்து எழுதியிருக்கிறது. அவருடைய முதலெழுத்துகள் அல்ல. எண்பது வருடமாக அந்த இழுப்பறையை இழுத்துத் தள்ளுகிறவருக்கு அது கண்ணில் படவில்லையாம். நான் தினமும் அந்த அலமாரியைத் துடைத்துவிட்டு, மனதுக்குள் அந்த அம்மாளைக் காறித் துப்பிவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போவேன். இந்த ஊரிலேயே எனக்குச் சம்பளத்தைவிடத் திருப்தி தந்த விஷயம் அதுதான்.

5

தம்பி வந்து சேர்ந்தான். விமான நிலையத்துக்கு மெர்லின் வரவில்லை. வீட்டில் வணக்கம் சொல்லிவிட்டு அறைக்குள் போனவள், நான்கு நாளும் ஜெர்மன் மொழியில் மட்டும் பதில் சொன்னாள். அவனுக்குப் புரியாது என்று தெரிந்தே செய்தாள். அவன் என்னிடம், பாப்பாவுக்குப் பரீட்சையா அக்கா என்று கேட்டான். அதற்குமேல் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் தேதி காலை, மெர்லின் வாளியோடு இறங்கியதும் அவனும் பின்னாலேயே போனான். பாலிஷ் டப்பாவை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தான். மேலே வந்து புளி கேட்டு வாங்கிப்போனான். கீழ்த்தளத்து வாத்தியார், அவர் மனைவி, எதிர்ப்புறத்து இரண்டு குடும்பம் எல்லோரும் சுற்றி நிற்க, புதுக் கோட்டோடு நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்த்தான். அவன் தேய்த்த இரண்டு தகடும் மெர்லின் தேய்த்ததைவிடப் பளிச்சென்று இருந்தன. அவளுக்கே வியப்பு.

இன்னா எழுதிக்கீது என்று அவன் கேட்டான். ஐந்து நாளில் முதல்முறையாக அவள் தமிழில் பேசினாள். நாலு பேரையும் படித்துச் சொன்னாள், வயதும் சொன்னாள். ஒன்பது வயது என்றதும் அவன் கை நின்றது.

"எந்த வூட்ல இருந்தாங்க?"

"எங்க வூட்ல."

"கீய இட்டுகினு வந்தது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பெயர்தான் வந்திருக்க வேண்டும், மாமாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினாள். அவனே சொன்னான்.

"அவன்தான், தெரியும். அவன் பெர்லின்ல கீறான். மாடி ஏறி வந்து கதவ தட்னது யாரு? லாரிய ஓட்னது யாரு? நாலு பேரு வந்தாச்சின்னு டேலி கணக்கு எயுதனது யாரு? எங்க யார்டுல ஒரு மூட்ட நவரணும்னா ஏழு பேரு கையெயுத்து போடணும், பாப்பா. ஒத்த ஆளு எப்டி இத்தினி ஜனத்த ஏத்த முடியும்?"

என்ன சொல்கிறார் என்று வாத்தியார் புன்னகையோடு கேட்டார். மெர்லின் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். புன்னகை போய்விட்டது. இது ஒரு சிக்கலான கேள்வி என்றார். பிறகு குனிந்து, அணையாத மெழுகுவத்தியை மறுபடி கொளுத்த ஆரம்பித்தார். அந்த வருடம் உரை கிடையாது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

6

மேலே வந்து டீ போட்டேன். வெகுகாலத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வாத்தியார் மூஞ்சியைப் பற்றிச் சொன்னேன், திருமதி கே.யின் அலமாரியைப் பற்றிச் சொன்னேன், என்ன ஜனங்கள், எல்லாம் கண் முன்னால் நடந்தும் எனக்குத் தெரியாது என்கிற ஜனங்கள் என்று வாய் ஓயாமல் திட்டினேன். தம்பி டீயைக் குடித்து முடித்தான்.

"நம்ம வூட்டுக் கதவு நாபகம் கீதாக்கா?"

இருக்காதா? ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே தேக்குக் கதவு எங்கள் வீட்டுக்குத்தான். நைனா ஒருநாள் நிலைச்சட்டத்தோடு கொண்டுவந்து பொருத்தினார். சட்டத்தின் உள்பக்கம் கத்தியால் கீறிய கோடுகள் ஏணிப்படி போல மேலே ஏறும். மூன்று வரிசை. தச்சன் போட்ட அளவுக்கோடு என்றார் நைனா. அதில் முதுகை ஒட்டி நின்று என் உயரத்தைப் பார்த்துக்கொள்வேன்.

"அது தச்சன் போட்டது இல்ல. கடலோரம் குப்பத்த பிரிச்சாங்களே, அப்ப லோடு ஏத்த நைனாவ கூப்டாங்க. என்னியும் லாரில குந்த வெச்சிகினு போனாரு. நைனா இந்தக் கதவ கயட்டுன வூட்ல மூணு பசங்க. அதுங்க அளந்து போட்ட கோடு. லாரி கெளம்பச்சொல்லோ மூணும் அந்தக் கதவையே பாத்துகினு இருந்துச்சுங்க."

இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. குப்பத்து ஜனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், யாரும் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மெர்லின் என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு தெரியுமாம்மா?"

தம்பிக்கு அப்போது ஆறு வயது. எனக்குப் பத்து. குப்பம் பிரித்த அன்று சாயங்காலம்தான் கதவு வந்தது. தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டு, நல்ல மரம் என்று தட்டிப் பார்த்தது. அடுத்த திங்கட்கிழமை என் வகுப்பில் இரண்டு பெஞ்சு காலியாக இருந்தது.

"எனுக்கு எப்டி தெரியும்?" என்றேன். "நான் சின்னப் பொண்ணு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. மெர்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியைத் துடைத்துவிட்டு நான் அந்த அம்மாளைப் பார்க்கும் பார்வை அது, எனக்கு நன்றாகத் தெரியும். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

7

உறுதிபூசுதலுக்கு முந்தைய நாள் மெர்லின் தனியாகக் கோயில் அலுவலகத்துக்குப் போய், நான் கொடுத்த தாளை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிரான்சிஸ் ஹிட்லர் அந்தோணிசாமி, தொழில் துறைமுகத் தொழிலாளி. அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாளாம். யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் சொல்கிறேன் என்றாளாம் இவள். ஞாயிற்றுக்கிழமை ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசும்போது, என் தம்பியின் காய்த்துப்போன கை அவள் வலது தோளில் இருந்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அலமாரியைத் துடைத்தேன். மனதுக்குள் துப்ப வரவில்லை. திருமதி கே. நல்லவராகிவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்மேல் இருந்த வெறுப்பு அப்படியேதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து நடந்ததுதான் போய்விட்டது.

தம்பியை வழியனுப்ப விமான நிலையத்துக்கு மெர்லினும் வந்தாள். கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். வருடா வருடம் அடிப்பதுதான். கோடு இருக்கிற அந்தச் சட்டத்துக்கு மட்டும் ஒருமுறைகூட அடித்ததில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"யார்னா தேடிகினு வந்தா அடையாளம் தெரியணும்லக்கா" என்றான் ஹிட்லர்.